மாலை ஐந்து மணி அக்காக்கள்

ஏழைக் குழந்தைகளுக்குத் தம்மால் இயன்ற உபகாரம் ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம் மக்களிடையே குறைவில்லாமல் இருக்கிறது. பிறந்த நாளன்று ஆதரவற்றோர் இல்லத்தில் ஒரு வேளை உணவளிப்பவர்கள், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில் நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுப்பவர்கள், தீபாவளிக்கு நான்கு குழந்தைகளுக்காவது புத்தாடை எடுத்துத் தருபவர்கள் என்று ஊருக்குப் பத்துப் பேரையாவது அடையாளம் காட்ட முடியும். அந்தக் கொடையின் மதிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, குமாரபாளையம், எடப்பாடி, ஓமலூர் என்று வட்டமிட்டு வருகிற இந்தச் சமவெளியின் குழந்தைகளோடு பழகிய எவருக்கும் ஒரு விஷயம் மெல்ல மெல்லப் புலப்படும். நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்து, 'நேற்று எங்கே விட்டோம்?' என்று கேட்பதற்கு ஒரு பெரியவர் இல்லாமையே அவர்களுடைய பெருங்குறை. அப்படி ஒருவராக இருப்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை. பெரும் படிப்பும் வேண்டியதில்லை. கடந்த சில ஆண்டுகளில் இந்தப் பிரதேசத்தின் தெருக்களில், பெரும்பாலும் இளம் பெண்களும் இல்லத்தரசிகளுமாகிய ஆயிரக்கணக்கானோர் அந்தப் பணியைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் செய்தது என்ன, அது எவ்விதம் பலித்தது, அதைத் தாமும் செய்ய விரும்புகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியது என்ன என்பவற்றை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஆசை.

மாலை வேளை இங்கே ஏன் இத்தனை முக்கியம் என்பது இவ்வூர்களின் ஜீவனோபாயத்தை அறிந்தால்தான் விளங்கும். குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளைப் பகுதிகளில் விசைத்தறியே பிழைப்பு. தறிக்கூடத்தில் பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று ஓட்டம் நிற்பதில்லை. கணவன் பகலில் தறி ஓட்டினால் மனைவி இரவில் ஓட்டுகிறாள், அல்லது இருவரும் சேர்ந்து ஓட்டிவிட்டு, தறிச் சத்தம் காதில் அடங்குவதற்குள் உறங்கிப் போகிறார்கள். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் வாங்கிய முன்பணம், ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் அதே தறிக்கூடத்தில் கட்டிப்போடுவதும் உண்டு. சேலம் நகரத்தின் செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்கள் பலருக்கு வீடே பட்டறை. ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்தில் குச்சிக்கிழங்கை ஜவ்வரிசியாக்கும் சேகோ ஆலைகள். நாமக்கல்லைச் சுற்றிலும் கோழிப் பண்ணைகள், அவற்றுக்குள்ளேயே ஊரிலிருந்து விலகி ஓர் அறையில் குடியிருந்து வேலை செய்யும் குடும்பங்கள். திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்காகப் பாரத தேசம் முழுவதும் போகின்றன. நாமக்கல்லின் லாரிகளும் அப்படியே. அவற்றோடு போன தகப்பன்மார் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வீடு திரும்புவதில்லை. ஆகவே பள்ளி விட்டு வரும் குழந்தையை எதிர்கொள்வது பூட்டிய கதவாகவோ, அயர்ந்து உறங்கும் தாயாகவோ, ஓடிக்கொண்டிருக்கும் தறியாகவோ இருக்கிறது.

அந்த வேளையில் குழந்தை சும்மாவும் இருப்பதில்லை. தறிக்கு நூல் சுற்றித் தார் போடுவது, கொலுசுக்குக் கண்ணி கோப்பது, கைக்குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டே அடுப்பைக் கவனிப்பது என்று ஏதேனும் ஒரு வேலை அதன் கைக்கு வந்து சேர்கிறது. குழந்தைத் தொழிலைத் தடுக்க 1986இல் ஒரு சட்டம் வந்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, பதினான்கு வயது நிரம்பாதவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விரிந்தது. ஆனால் அதே திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறை நாட்களிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவி செய்யலாம் என்று ஒரு விலக்கையும் கொடுத்திருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டமோ, பள்ளியின் கடைசி மணி அடிக்கும் வரை குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. மணி அடித்த பிறகு, குழந்தை கண்ணயரும் வரையிலுள்ள நேரத்தை இரண்டு சட்டங்களும் பெரும்பாலும் வீட்டின் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டன. அதிகாரி எவரும் நுழைய இயலாத அந்த நேரத்துக்குள், அடுத்த தெருப் பெண் ஒருத்தி, 'பாப்பாவைக் கொஞ்சம் அனுப்புங்கக்கா, ஒரு மணி நேரத்துல விட்டுடறேன்' என்று கேட்டுக்கொண்டு நுழைய முடிகிறது. தொண்டு செய்ய முன்வருகிறவருக்கு இந்தச் சமவெளியில் காத்திருக்கும் மெய்யான வேலை அங்கேதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதே நாமக்கல்லும் ராசிபுரமும் படிப்புக்குப் பேர் போன ஊர்கள் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் முதலிடங்களை இங்குள்ள விடுதிப் பள்ளிகள் ஆண்டுதோறும் அள்ளிச் சென்ற காலம் உண்டு. தமிழகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பெற்றோர் கடன் வாங்கியாவது தம் மக்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அளவாகத் தீனி வைத்துக் கோழி வளர்ப்பதைப் போலப் பிள்ளை வளர்க்கிறார்கள் என்று அவற்றுக்குப் 'பிராய்லர் பள்ளி' என்ற பெயரும் மக்கள் வாக்கில் ஏற்பட்டது. 2017இல் அரசு தரவரிசை வெளியிடும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. அந்தப் பள்ளிகளின் குணதோஷங்களை விசாரிப்பது வேறு விஷயம். ஆனால் எங்கோ தொலைவிலுள்ள பிள்ளையும் தேடி வந்து படிக்கிற மண்ணிலேயே, தறிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டி, நடுவில் நின்று, தலை கவிழ்கிறான் என்பதைக் காணும்போது உண்டாகிற வேதனை, கண்டவர்களுக்கு எளிதில் ஆறாது.

இந்தப் பிரதேசத்துக்கு உடனிருந்து உழைக்கும் தொண்டு புதியதன்று. சேலத்தில் மிகுந்த வருமானத்தோடு வக்கீல் தொழில் நடத்தி, 1917இலிருந்து சில ஆண்டுகள் நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, அத்தொழிலைத் துறந்து, 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்துக் குடிசையில் வாழத் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவையே ஆசிரமத்தின் பணி. தீண்டத்தகாதவர் என்று ஊரால் ஒதுக்கப்பட்டோரும் அங்கே உடன் வாழ்ந்து உடன் உண்டார்கள். மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 1929இல் தோன்றிய 'விமோசனம்' பத்திரிகையின் பொருட்டுக் கல்கியும் அங்கே வந்து தங்கினார். 1937 அக்டோபர் முதல் தேதியன்று சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது, நாமக்கல்லையும் தன்னுள் கொண்டிருந்த அந்நாளைய சேலம் ஜில்லாவில்தான். கள்ளுக்கடையினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எப்படி அணைகிறது என்பதை அவ்வூர்களில் குடியிருந்து பார்த்த ராஜாஜிக்கு, மாகாண ஆட்சி கைக்கு வந்ததும் முதலில் எங்கே கை வைக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கிராமத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறவனுக்கும் அங்கேயே கிடந்து உழல்கிறவனுக்கும் அறிவிலேயே வித்தியாசம் ஏற்பட்டுவிடுகிறது.

பிற்காலத்தில் அரசாங்கமும் இயக்கங்களும் வேறு வேறு வழிகளில் முயன்றன. குழந்தைத் தொழிலாளர் மிகுந்த மாவட்டங்களுக்காக 1988இல் மத்திய அரசு ஆரம்பித்த தேசியத் திட்டத்தின் கீழ், வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்குத் தனிப் பயிற்சி மையங்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் நடந்தன. 1990களில் தமிழகமெங்கும் பரவிய அறிவொளி இயக்கம், சம்பளமில்லாத இளைஞர்களையும் பெண்களையும் கொண்டு முதியோருக்கு எழுத்தறிவித்தது. புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களின் கதை நாடறிந்தது. பாட்டும் வீதி நாடகமுமாகக் கலைப்பயணம் போய் ஊரைக் கூட்டும் முறையை அறிவொளி நன்கு பழக்கியிருந்தது; முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் குழந்தைகளின் காரியத்துக்கும் அவ்விதமான கலைக்குழுக்கள் புறப்பட்டன.

அந்தக் காரியம் 'இல்லம் தேடிக் கல்வி'. 2020 மார்ச்சில் கொரோனாவினால் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள், 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் தமிழகத்தில் திறந்தன. இடைப்பட்ட இருபது மாதங்களில், கைபேசியும் இணையமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் எதையோ கற்றார்கள். தறிக்கூடத்து வீட்டுப் பிள்ளைகள் கற்றிருந்ததையும் மறந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் கால் வைக்காமலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த குழந்தைகளின் நிலை இன்னும் பரிதாபகரமானது. பள்ளிகள் திறப்பதற்குச் சில தினங்கள் முன்னர், 2021 அக்டோபர் 27ஆம் தேதியன்று, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் பன்னிரண்டு மாவட்டங்களில் பரீட்சார்த்தமாக நடந்து, பின்னர் சேலம், நாமக்கல் உட்பட மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. இதன் ஏற்பாடு மிக எளியது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் குழந்தைகளுக்கு, அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே, மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் ஒன்றரை மணி நேர அளவுக்கு வகுப்பு. ஏறத்தாழ இருபது குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர். அவர் அதே குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ, ஆறு முதல் எட்டு வரை பட்டப் படிப்பு முடித்திருந்தால் போதும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் தன்னார்வலர்களாகப் பணியாற்றினார்கள்.

'அதே குடியிருப்பைச் சேர்ந்தவர்' என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் திட்டத்தின் ஜீவன் அடங்கியிருந்தது என்று நான் கருதுகிறேன். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு மழை ஒரு காரணம், பண்டிகை ஒரு காரணம், பஸ் தவறியது ஒரு காரணம். தெருவிலேயே இருக்கிறவருக்கு அந்தக் காரணங்கள் கிடையா. மாரியம்மன் கோயில் மண்டபத்திலோ, வீட்டுத் திண்ணையிலோ, மொட்டை மாடியிலோ ஒரு பாய், ஒரு கரும்பலகை, ஒரு விளக்கு. குழந்தைகள் 'மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்து, பத்து நாளில் 'அக்கா' என்று மாறிவிடுகிறார்கள். ஒரு குழந்தை இரண்டு நாள் வராவிட்டால் அக்காவுக்கு அதன் வீடு தெரியும். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதே அதன் தாயைப் பார்த்துவிடுவாள். குமாரபாளையத்துப் பக்கம் ஒரு தெருவில் அவ்விதமான சம்பாஷணை ஒன்றை நான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"ஏங்கண்ணு, என்ற பையனுக்குப் படிப்பு ஏறுதா? ராத்திரியெல்லாம் தனியா எதையோ வாசிச்சுட்டு உக்காந்திருக்கறான்."

"நல்லா வருதுங்க அக்கா. ஆனா ரெண்டு நாளா சாயங்காலம் ஆளையே காணமுங்களே?"

"தார் போட ஆளில்லைன்னு நாந்தான் நிறுத்திக்கிட்டேன் கண்ணு. நாளைக்கு அனுப்பிடறேன்."

மறுநாள் பையன் வந்தான். அந்தத் தாயைக் குற்றவாளியாக்காமலும், அதே சமயம் விட்டுக்கொடுக்காமலும் அந்த இளம் பெண் கேட்ட கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் இத்தனை சீக்கிரம் பலித்திராது.

கற்பிக்கும் முறையைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நல்ல மனசு ஒன்றே போதும் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கேதான் களைத்துப் போகிறார்கள். முதற்காரியமாக, குழந்தை எந்த வகுப்பு என்று கேட்பதை ஒதுக்கிவிட்டு, அதனால் எதை வாசிக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு வாக்கியம், நான்கு வரிக் கதை என்று படிப்படியாக வைத்தால், எந்தப் படியில் நாக்கு தடுமாறுகிறது என்பது ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துவிடும். தமிழில் அநேகமாக உயிர்மெய்யில் வந்து நிற்கும்: ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, கொம்பும் காலும் சேர்ந்தால் என்ன ஒலி என்ற குழப்பத்தைத் தீர்க்காமல் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பயனில்லை. கணக்கில் பெரும்பாலும் கடன் வாங்கிக் கழிப்பதில் நிற்கும். ஒரே தடுமாற்றம் உள்ளவர்களை, அவர்கள் இரண்டாம் வகுப்பானாலும் ஐந்தாம் வகுப்பானாலும், ஒரே வட்டமாக உட்கார வைக்க வேண்டும். பெரிய பிள்ளைக்கு இது கூச்சம் தருமாதலால், சின்னவர்களுக்குக் கதை வாசித்துக் காட்டும் பொறுப்பைக் கொடுத்து அந்தக் கூச்சத்தைப் போக்குவது அனுபவமுள்ள அக்காக்களின் வழக்கம். வாய்ப்பாட்டுக்கு நாமக்கல் பிள்ளைகளிடையே முட்டை அட்டையைக் காட்டிலும் சிறந்த கருவி கிடையாது. ஐந்துக்கு ஆறாக முப்பது குழிகள் அதில் பிரத்தியட்சமாகவே இருக்கின்றன. தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் பெண் குழந்தையை, 'அவனை விட்டுவிட்டு வா' என்று ஒருபோதும் சொல்லலாகாது. சொன்னால் இருவரும் வரமாட்டார்கள். ஓர் ஓரத்தில் பாய் போட்டு அந்தச் சின்னதையும் உட்கார வைத்துக்கொள்வதே விவேகம்.

இவ்வளவு எளிய முறையால் பலன் உண்டா என்ற சந்தேகம் நியாயமானது. அபிஜித் சிங், மவுரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து பரிசோதித்து இதற்கு விடை தேடினார்கள். அதே கிராமங்களில் 2019இல் அதே வயதிலிருந்த குழந்தைகளோடு ஒப்பிட, 2021 டிசம்பரில் இருந்த குழந்தைகள் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். மொழியிலும் பின்னடைவு இருந்தது, ஆனால் கணக்கைப் போல அவ்வளவு இல்லை. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாயிற்று. அப்படி மீண்டதில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் விளைந்தது என்று அவர்கள் கணித்தார்கள். மற்றொன்றும் கண்டார்கள், அதுவே எனக்கு மிகுந்த ஆறுதலைத் தருகிறது: இழப்பு வசதியற்ற வீட்டுக் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கியிருந்தது, ஆனால் மீட்சி அவர்களிடத்தில்தான் வேகமாகவும் நடந்தது. பிளஸ் டூ படித்த ஒரு பெண் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்ததற்கும் இந்த மீட்சியில் பங்கு உண்டு.

பிற இடங்களின் அனுபவமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. மும்பையிலும் வடோதராவிலும் 'பிரதம்' என்னும் அமைப்பு, அந்தந்தப் பகுதியின் இளம் பெண்களையே 'பால்சகி' என்ற பெயரில் பள்ளிகளில் அமர்த்தி, பின்தங்கிய குழந்தைகளைத் தனியே கவனிக்கச் செய்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலானோர் அதை ஆராய்ந்து, குழந்தைகளின் கற்றல் தெளிவாக உயர்ந்ததை 2007இல் வெளியிட்டார்கள். அவ்விருவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது யாவரும் அறிந்ததே. உத்தரப் பிரதேசத்து ஜான்பூரில் கிராமத்து இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சியளித்து வாசிப்பு முகாம் நடத்தியபோது, வந்த குழந்தைகள் வாசிக்கக் கற்றார்கள். ஆனால் கற்க வேண்டியவர்களில் சிறு பகுதியினரே முகாமுக்கு வந்தார்கள். பாயை விரித்துக் காத்திருப்பதோடு வேலை முடிவதில்லை, குழந்தையின் வீட்டு வாசல் வரை நடந்து போய் அழைத்துவர வேண்டும் என்பது அதிலிருந்து தெரிகிறது. இல்லம் தேடிப் போவதன் நியாயமும் அதுவே.

மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறவரைத் தொண்டர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பெண் தையல் மெஷினில் உட்கார்ந்தாலோ, ஜவுளிக்கடைக்குத் துண்டு மடித்துக் கொடுத்தாலோ கிடைக்கும் வருமானத்தை அவள் விட்டுவிட்டுத்தான் வருகிறாள். வசதியுள்ளவர் மட்டுமே தொண்டு செய்யலாம் என்று ஒரு விதி உண்டாகிவிட்டால், தறிக்காரர் தெருவுக்குத் தறிக்காரர் மகள் ஆசிரியையாக வருவது என்றைக்கும் நடக்காது. உண்மையில் அந்தத் தொகை போதாது. நேரத்துக்கு வந்து சேராதபோது அது தரும் மனச்சோர்வும் சாமானியமானதன்று. கொரோனாக் காலத்து அவசரம் தணிந்த பின் திட்டத்தின் பரப்பு சுருங்கிற்று. தொடக்க வகுப்புகளோடு அது நிற்கும்படியாயிற்று. தன்னார்வலர்களின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது. பள்ளிக்குள் 2022 ஜூனில் ஆரம்பித்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அதன் வேலையில் ஒரு பகுதியைத் தாங்கியது என்பது மெய். ஆனால் தறிக்கூடத்து மாலை வேளை இன்னும் அப்படியே இருக்கிறது. இத்தனை பேரைத் திரட்டிப் பழக்கிவிட்டு, அவர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது பெரும் நஷ்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் நிறைந்த இடம் உண்டு. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம்கள் சேலம், நாமக்கல் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் கிராமங்களுக்குப் போகின்றன. ஏழு நாள் முகாமில் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்து மரக்கன்று நட்டுவிட்டுத் திரும்புவதைக் காட்டிலும், ஒரு கல்லூரி தன்னைச் சுற்றியுள்ள இரண்டே தெருக்களை எடுத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு மாலை தவறாமல், மூன்று ஆண்டும் அதே குழந்தைகளிடம் அதே மாணவரை அனுப்பினால் பலன் பன்மடங்காகும். சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்ன அண்ணன் வராத சனிக்கிழமையைக் குழந்தை மறப்பதில்லை. வீட்டில் அப்பா சொன்ன தேதிக்கு வராத ஏமாற்றத்தை ஏற்கெனவே பழகிய குழந்தைக்கு, இன்னொருவரும் அதே ஏமாற்றத்தைக் கொடுக்கக் கூடாது. வாரம் ஒரு நாள்தான் முடியும் என்றால் ஒரு நாள் என்று சொல்லி அந்த ஒரு நாளைக் காப்பாற்ற வேண்டும். விலக நேர்ந்தால் ஒரு மாதம் முன்பே குழந்தைகளிடம் சொல்லி, அடுத்து வருகிறவரை உடன் அழைத்துவந்து பழக்கிவிட்டு விலக வேண்டும்.

ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களில் இது இன்னும் தீவிரமான விஷயம். அடுத்தடுத்து மனிதர்கள் வந்து கொஞ்சிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தால், பிரிவை மீண்டும் மீண்டும் அனுபவிக்கும் குழந்தை எவரையும் நம்பாத சுபாவத்தைப் பெற்றுவிடுகிறது என்று குழந்தை மனத்தை ஆராய்கிறவர்கள் உலகெங்கும் எச்சரிக்கிறார்கள். இல்லத்துக்குப் போக விரும்புகிறவர்கள், அது இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதா என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுத் தெரிந்துகொண்டு, இல்லத்தார் வகுத்த ஒழுங்கின்படியே நடக்க வேண்டும். குழந்தையோடு எவரும் தனியறையில் இருக்கலாகாது. அங்குள்ள குழந்தைகளின் பெயரையும் படத்தையும் வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் அந்த இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே சோற்றுத் தட்டோடு குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து வாட்ஸப்பில் போடும் வழக்கத்தை நல்லவர்கள் உடனே கைவிட வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும், தன் பசியை ஊரெல்லாம் பார்த்தது என்று வளர்ந்த பிறகு தெரியவரும் ஒரு பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்த்தாலே போதும்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பிறந்த பெண் சிசுவைக் காப்பதற்காக 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்க நேர்ந்த மாவட்டம் சேலம். பெண் சிசுக் கொலை என்னும் அந்தக் கொடுமை பெரிதும் மறைந்துவிட்டது. ஆனால் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தி மில்லுக்கு அனுப்புவதும், பதினெட்டு நிறைவதற்குள் மணமுடிப்பதும் இன்னும் அங்கங்கே நடக்கின்றன. வகுப்பாசிரியர் அறிவதற்கு முன்பே மாலை வகுப்பு அக்காவின் காதில் இது விழுந்துவிடும். அந்தப் பெண்ணே சொல்லுவாள், அல்லது சொல்லாமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது வீட்டாரோடு தனியாகச் சண்டை பிடிப்பது அக்காவின் வேலையன்று. பள்ளித் தலைமையாசிரியரிடம் தெரிவிக்கலாம். 1098 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணில் சொல்லலாம். சொன்னவர் பெயரை வெளியிட மாட்டார்கள். உயர்கல்விக்குச் செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலிருந்து இருப்பதைத் தாயிடம் எடுத்துச் சொல்வதும், சில வீடுகளில் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்கப் போதுமானதாகிறது.

கடைசியாகச் செங்கல் சூளைக் குழந்தைகள். மழைக்காலம் கழிந்ததும் வேறு மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு சூளைக்கு வந்து, அடுத்த மழைக்கு முன் திரும்பிப் போகிறவர்களின் பிள்ளைகள் இரண்டு ஊர்ப் பள்ளிகளுக்கும் பாதிப் பாதியாகச் சொந்தமாகி, எதிலும் முழுதாகப் படிப்பதில்லை. கோழிப் பண்ணைகளில் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளரின் குழந்தைகளுக்கு மொழியும் ஒரு தடை; அவர்களிடம் தமிழ் எழுத்தை ஆரம்பிப்பதற்கு முன், அவர்கள் மொழியில் நான்கு வார்த்தைகளை அக்கா கற்றுக்கொண்டு போனால் முதல் நாளே குழந்தை பேசத் தொடங்கிவிடும். சூளைக் குழந்தைக்கு அக்கா செய்ய வேண்டியது வேறு. தமிழகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிப் பதிவுக்குரிய 'எமிஸ்' எண் என்று ஒன்று உண்டு. பெற்றோரில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குடும்பம் மூட்டை கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பாகவே பள்ளிக்குப் போய் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, குழந்தை படித்த பள்ளியின் பெயர், எதுவரை வாசிக்கிறது, எந்தக் கணக்கில் நிற்கிறது என்பவற்றோடு ஒரு தாளில் தெளிவாக எழுதி, ரேஷன் கார்டும் ஆதார் கார்டும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அதையும் வைக்கும்படி தாயிடம் கொடுக்க வேண்டும். போய்ச் சேரும் ஊரின் தலைமையாசிரியர் அந்த எண்ணைக் கொண்டு குழந்தையைத் தம் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, மறுநாளே விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.